சீர்த்தட்டில் கறுப்பு

போன வாரம் பாண்டிலட்சுமி போனில் போட்ட உத்தரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முருகம்மாளும் மறக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்ட கையோட அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிரணும், மதினி. மாசமா இருக்குற பிள்ளைக்கு என்னத்துக்கு வேலை?"

சொன்னது வேல்விழியின் மாமியார், விருதுநகர்க்காரி. கேட்டுக்கொண்டது வேல்விழியைப் பெற்றவள், சிவகாசியில் இருபத்தெட்டு வருஷமாக வெடி கம்பெனியில் திரி வெட்டுகிறவள். சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் முருகம்மாள் போனை வைத்துவிட்டாள். பாண்டிலட்சுமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். சம்பந்தியை அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வேல்விழிக்கு வயது இருபத்துநான்கு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கிற வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருக்கிற முனியராஜை போன வருஷம் கட்டிக்கொண்டாள். இப்போது ஏழாவது மாதம்.

வியாழக்கிழமை சாயங்காலம் முருகம்மாள் கம்பெனி கேட்டில் தன் போனைத் திரும்ப வாங்கினாள். வெடி கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. காலையில் வாட்ச்மேனிடம் கொடுத்தால் வேலை முடிந்துதான் கைக்கு வரும். வேல்விழியிடமிருந்து நான்கு தடவை அழைப்பு வந்திருந்தது. முருகம்மாள் வேனில் ஏறாமல் அங்கேயே நின்று கூப்பிட்டாள்.

"எம்மா, கழுத்தைத் திருப்ப முடியலம்மா. அரிசி டிரம்மு மேல லேப்டாப்பை வச்சுக் குனிஞ்சே பாக்கேன். கிட்ட உக்காந்தா வயிறு இடிக்குது. தள்ளி உக்காந்தா எழுத்து தெரியல."

"மாப்ளகிட்ட ஒரு மேசை கேளுத்தா."

"கேட்டேன். விடப்போற வேலைக்கு மேசை என்னத்துக்குன்னு அத்தை கேக்காக."

"நீ விடப்போறியா?"

"நான் விடலம்மா. அதுவா என்னை விட்டுரும் போல. பக்கத்துப் பருப்பு மில்லுச் சத்தம் பூரா மைக்குல போகுது. நாளைக்கு ஆறு மணிக்கு அமெரிக்காக்காரன் லைனுக்கு வாரான். அவன் காதுல இந்தச் சத்தம் விழுந்தா வேற ஆளைப் போட்டுருவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

"நாளைக்கு உனக்கு வளைகாப்புலா?"

"வளைகாப்பு நாலரைக்கு. மீட்டிங்கு ஆறு மணிக்கு. லீவு கேட்டேன். இந்த ஒரு மீட்டிங்குக்கு மட்டும் கிடையாதுன்னுட்டார்."

மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட முருகம்மாளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. வேல்விழியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்பதாவது மாதம்வரை தரையில் குனிந்து உட்கார்ந்து திரி வெட்டியவள் அவள். அன்று பிடித்த இடுப்பு இன்றுவரை விடவில்லை. படிக்க வைத்தது எதற்கு? கட்டட வேலையும் வெடி வேலையும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்றுதானே? அந்த நாற்காலியிலும் என் மகள் குனிந்துதான் கிடக்க வேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் பொங்கியது.

வேனில் ஏறினாள். பக்கத்தில் இருந்தவள், "என்ன மதினி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள்.

"நாளைக்கு நான் லீவு. தீவாளி சீசனாவது ஒண்ணாவது" என்றாள் முருகம்மாள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெத்தணன் தன் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டரைத் தூக்கியபோதே தாயும் மகனும் வாசலில் நின்றார்கள். மகன் காளீஸ்வரன், வேல்விழிக்கு அண்ணன், ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்காரன். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாய்மாமன் என்பதால் சீர் அவன் பெயரில்தான் போகிறது.

உள்ளே போகுமுன் முருகம்மாள் ஷட்டர் ஓடும் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை ஒரு தரம் அழுத்தி எடுத்தாள். கம்பெனியில் அறைக்குள் போகுமுன் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்துப் பக்கம் போக வேண்டும். அந்தப் பழக்கம்.

"எம்மா, இது கடை. கம்பெனி இல்ல" என்றான் காளி.

"கரண்டு சாமான்தான? தொட்டா என்ன கெட்டுப்போச்சு?"

பெத்தணன் கேட்டார். "கிஃப்ட்டாம்மா? யாருக்கு?"

"மகளுக்கு. வளைகாப்புச் சீரு. லேப்டாப்புக்குத் துணைச் சாமான் வேணும்."

பெத்தணன் இதுவரை எத்தனையோ கிஃப்ட் விற்றிருக்கிறார். வளைகாப்புக்கு யாரும் வந்ததில்லை. ஆனாலும் வியாபாரி, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பூனைக்காது வைத்த ஹெட்செட், ஏழு நிறத்தில் மின்னும் கீபோர்டு, இதய வடிவ மவுஸ் என்று வரிசையாக அடுக்கினார்.

"லேடீஸுக்கு இதான்மா ஓடுது. லைட்டைப் பாருங்க, என்னமா மாறுது!"

முருகம்மாள் பார்த்தாள். "அண்ணாச்சி, வெளிச்சம் காட்டுற சாமானை வருஷம் பூரா செஞ்சுதான் நாங்க கஞ்சி குடிக்கோம். எங்களுக்கே அதைக் காட்டுறீகளே! கழுத்து வலிக்காம உக்காந்து வேலை பாக்க என்ன இருக்கு? அதைக் காட்டுங்க."

ஸ்டாண்டு வந்தது. லேப்டாப்பை உயரத்தில் தூக்கி நிறுத்துகிற சாமான். முதலில் வந்தது பிளாஸ்டிக், ரோஸ் கலர், பார்க்க லட்சணமாக இருந்தது. முருகம்மாள் அதன் தலையில் கையை வைத்து அழுத்தினாள். ஆடியது.

"வேண்டாம். ஆடுற பலகையில திரி வெட்டுனா விரல் போயிரும்."

"இதுல யாரும் வெட்டப்போறதில்லையேம்மா!"

"விரல் போகாது. கண்ணு போகும். ஆடுற எழுத்தை எம்புட்டு நேரம் பாப்பா?"

கடைசியில் ஒரு இரும்பு ஸ்டாண்டு, தடித்தது. குத்துக்கல் மாதிரி நின்றது. கறுப்பு.

"இது சரியா இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்றான் காளி.

முருகம்மாள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மகன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"அதைச் சட்டைக்குள்ள விடுலே."

"எதை?"

"ஹெல்மெட்டை. ஏழு மாச வயிறு அம்புட்டு இருக்கும். விட்டுட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு."

"எம்மா, இது பஸ் ஸ்டாண்டு! நாலு பேர் தெரிஞ்சவுக வருவாக!"

"உன் தங்கச்சி அதைத் தூக்கிக்கிட்டுத்தான ஏழு மாசமா நடமாடுதா? உனக்கு ஏழு நிமிசம் வலிக்குதோ?"

காளி ஹெல்மெட்டைச் சட்டைக்குள் விட்டான். ரீசார்ஜ் பண்ண வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெத்தணனும் சிரித்துக்கொண்டே கடை லேப்டாப் ஒன்றை எடுத்து ஸ்டாண்டில் ஏற்றினார். முருகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மகனின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள், முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், கண்ணுக்கும் திரைக்கும் நேராகச் சாண் வைத்து அளந்தாள்.

"இப்ப டைப் அடி."

அடிக்க முடியவில்லை. லேப்டாப் உயரத்துக்குப் போய்விட்டதால் கை இரண்டும் சாமி கும்பிடுகிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றன.

"அதுக்குத் தனிக் கீபோர்டு வேணும்மா. மடியிலயே வச்சு அடிக்கலாம்" என்றார் பெத்தணன். விளையாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது தானே கவுண்டரை விட்டு வெளியே வந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து ஹெல்மெட் வயிற்றுக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். அகலமானது இடித்தது. சின்னதில் எண்கள் தனியாக இல்லை. பில் பார்க்கிறவளுக்கு எண்கள்தானே வேலை? எண்களும் இருந்து, இடிக்காமலும் இருந்தது ஒன்றுதான். அதுவும் கறுப்பு.

ஹெட்செட்டுக்கு வந்தபோதுதான் முருகம்மாளே கொஞ்சம் தடுமாறினாள். வெள்ளை நிறத்தில் ஒன்று இருந்தது, கண்ணைப் பறித்தது. வேல்விழிக்கு வெள்ளை என்றால் உயிர். கறுப்பில் ஒன்று, வாய்க்கு நேராக மைக் நீட்டிக்கொண்டு அசிங்கமாக இருந்தது.

"ரெண்டையும் எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போ. பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னு, ஒண்ணொண்ணா மாட்டி எனக்குப் போன் போடு" என்றாள்.

காளி போனான். ஹெல்மெட்டை எடுக்க மறந்துபோய்த்தான் போனான். முதலில் வெள்ளை. முருகம்மாள் போனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"ஏலே, பஸ் ஹாரன் கேக்குது. புரோட்டாக் கல்லுச் சத்தம் கேக்குது. சாத்தூர் சாத்தூர்னு கண்டக்டர் கத்துறது கேக்குது. உன் சத்தம் எங்கலே?"

அடுத்தது கறுப்பு.

"எம்மா, எல்லாரும் என் வயித்தையே பாக்காகம்மா. சீக்கிரம் முடி."

"கேக்குது! நீ மட்டும் கேக்குது! வாலே உள்ள."

பெத்தணன் மூன்றையும் பில் போட எடுத்தவர், ஒரு நிமிஷம் நிறுத்தினார். "அம்மா, தப்பா நினைக்காதீக. சீருன்னு சொன்னீக. எல்லாம் கறுப்பாவே எடுத்துட்டீகளே?"

சீர்த்தட்டில் கறுப்பு வைப்பார்களா? அதுவும் பிள்ளைத்தாய்ச்சிக்கு? முருகம்மாளுக்கு அது தெரியாமல் இல்லை. சாமான் பார்க்கிற மும்முரத்தில் மறந்துவிட்டது.

"வெள்ளையே எடுத்துருவோமாம்மா? பேச்சு வராது" என்றான் காளி.

முருகம்மாள் வெள்ளையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"பேச்சு நமக்குத்தான வரும்? வந்துட்டுப் போகட்டும். கறுப்பையே போடுங்க அண்ணாச்சி."

*

வீட்டில் புருஷன் சங்கிலிமுத்து சாமான்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். லாரியில் லோடு ஏற்றுகிற மனுஷன், மலையைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவார். சம்பந்தி வீடு என்றால் மட்டும் பயந்து சாவார்.

"முருகு, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? கறுப்பைத் தூக்கித் தட்டுல வச்சா அந்தம்மா நம்மளைக் கிழிச்சுத் தோரணம் கட்டிரும். பொண்ணைக் குடுத்த இடம். கொஞ்சம் தாழ்ந்துதான் போகணும்."

"பொண்ணைத்தான குடுத்தோம்? அவ கழுத்து எலும்பையுமா குடுத்தோம்?"

"நான் வேண்டாம்னா சொல்லுதேன்? சீரோட வேண்டாம். பொறவு ஒரு நாள் கமுக்கமாக் குடுத்துக்கிடுவோம்."

"பொறவுன்னா எப்ப? இன்னைக்கு ஆறு மணிக்கு வேணும் அவளுக்கு. நல்ல காரியத்துக்குத் திருட்டுச் சாமான் மாதிரி ஏன் கொண்டுபோகணும்?"

காளிதான் நடுவில் புகுந்தான். "மூடிக் கொண்டுபோவோம்ப்பா. எங்க பிரஸ்ல கிஃப்ட் பாக்ஸ் அட்டை நிறையக் கழிவு கெடக்கு. செவப்பும் தங்கமுமா சும்மா ஜொலிக்கும். உள்ள போட்டு ரிப்பன் கட்டிட்டா யாருக்குத் தெரியும்?"

மகளின் நல்ல நாளில் வாசலிலேயே சண்டை வேண்டாம் என்று முருகம்மாள் அதற்கு மட்டும் இறங்கி வந்தாள். காளி போய் அட்டையை எடுத்து வந்து மடித்து, ஒட்டி, இரண்டு பெட்டி செய்தான். ஒன்றில் ஸ்டாண்டும் கீபோர்டும். இன்னொன்றில் ஹெட்செட். ஏற்கெனவே ஒன்பது தட்டு, இதோடு பதினொன்று. ஒற்றைப்படை, குறை சொல்ல முடியாது.

அந்த அட்டை எதற்கு அச்சடித்தது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவகாசிக்காரர்கள் அந்த அட்டையில்தான் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவார்கள், துணிமணி அடுக்குவார்கள், அலமாரித் தட்டுக்கு விரிப்பார்கள். தினமும் பார்க்கிற ஒன்றை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

*

விருதுநகரில் வேன் போய் நின்றபோது மணி நாலு. பருப்பு மில் ஒட்டினாற்போல் வீடு. முனியராஜ் ஓடி வந்து மாமியார் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான், மாமனாருக்குத் தண்ணீர் கொடுத்தான், தட்டுகளைத் தானே இறக்கினான். இதற்கு முன்னால் இவ்வளவு பணிவு முருகம்மாள் பார்த்ததில்லை. நல்ல மாப்பிள்ளை, தாய்க்குப் பயந்து வாய் திறக்காமல் இருக்கிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

வேல்விழி பச்சைப் பட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சடை நிறைய மல்லிகை. அம்மாவைப் பார்த்ததும் கழுத்தைத் திருப்பவில்லை, உடம்போடு திரும்பினாள். முருகம்மாளுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தட்டுகளை விளக்கைச் சுற்றிப் பரப்பினார்கள். வளையல், பூ, பழம், பலகாரம், ஐந்து வகைக் கட்டுச்சோறு. கடைசியாக அந்த இரண்டு பெட்டி.

பாண்டிலட்சுமியின் தங்கை முத்துப்பேச்சி குனிந்து பார்த்தாள். பெட்டி மேல் பூச்சட்டி வாணம் பொங்குகிற படம். ராக்கெட் பறக்கிற படம். சங்குசக்கரம் சுற்றுகிற படம்.

"ஏ அக்கா! வெடிப்பொட்டி! விளக்குப் பக்கத்துல வெடிப்பொட்டியைக் கொண்டாந்து வச்சிருக்காக!"

அவ்வளவுதான். பெண்கள் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். இரண்டு பேர் வேல்விழியை நாற்காலியோடு பின்னால் இழுத்தார்கள். முத்துப்பேச்சி ஆரத்தித் தட்டைத் தூக்கினாள், பெட்டி மேல் கொட்டுவதற்கு. முருகம்மாள் ஒரே பாய்ச்சலில் பெட்டிகள் மேல் கவிழ்ந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் முழுக்க அவள் முதுகில் இறங்கியது. இருக்கிற ஒரே நல்ல பட்டுச்சேலை.

"உங்க ஊர்ப் புத்தியைக் காட்டிட்டீகளே மதினி! பிள்ளைத்தாச்சிக்கு வெடியா சீரு?" பாண்டிலட்சுமியின் குரல் தெருவுக்குக் கேட்டது.

முருகம்மாள் நிமிர்ந்தாள். "வெடிப் பக்கத்துல விளக்கை வைக்கிறவளா இருந்தா இருபத்தெட்டு வருஷம் உசுரோட இருந்திருப்பேனா மதினி? எங்க ஊர்ல அட்டைன்னா இதான். உள்ள இருக்கறதைப் பாருங்க."

சங்கிலிமுத்து பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார், திறக்காதே என்று. அவள் அட்டையை ஒரே இழுப்பில் கிழித்தாள். ஸ்டாண்டு, கீபோர்டு, ஹெட்செட். மூன்றையும் எடுத்துப் பூத்தட்டுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

"ஐயையோ, அம்புட்டும் கறுப்பு!" என்றாள் முத்துப்பேச்சி.

"ஆமா, கறுப்புதான். மூடிக் கொண்டாந்தது என் தப்பு. திறந்தே கொண்டாந்திருக்கணும்."

"சீர்த்தட்டுல கறுப்பு வைக்கிற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?" என்றாள் பாண்டிலட்சுமி.

"இந்தக் கையைப் பாருங்க மதினி. திரி மருந்து ஏறி நகம் பூரா கறுப்பு. என்ன போட்டுத் தேச்சாலும் போகாது. இந்தக் கறுப்புதான் அவளைப் படிக்க வச்சது. இந்தக் கையாலதான் உங்களுக்குக் கட்டுச்சோறு கட்டியாந்திருக்கேன். அது ஆகும், இது ஆகாதா?"

பாண்டிலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். பேசியபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் அவ கெட்டுப்போகவா சொல்லுதேன்? வயித்துப் பிள்ளைக்காகச் சொல்லுதேன். எப்படியும் விடப்போற வேலை. அதுக்கு எதுக்கு இம்புட்டுச் சாமான்?"

"நான் விடல அத்தை."

சொன்னது வேல்விழி. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை. கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் இல்லை. முனியராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். பாண்டிலட்சுமி உதட்டை இறுக்கிக்கொண்டு மருமகளின் கன்னத்தில் சந்தனம் பூசினாள், முதல் வளையலைப் போட்டாள். ஒருவர் பின் ஒருவராகப் போட்டு முடிக்கையில் வேல்விழிக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை பச்சையும் சிவப்பும். கட்டுச்சோறு சாப்பிட்டதும் மகளை அழைத்துக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்ப வேன் காத்திருந்தது.

*

ஆறுக்கு ஐந்து நிமிஷம். இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேல்விழி எழுந்தாள்.

"அண்ணே, அந்த ஸ்டாண்டை எடுத்து வை."

"இன்னைக்குமாடி?" என்றாள் முத்துப்பேச்சி.

"இன்னைக்குத்தான் சித்தி."

காளி கூடத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்டாண்டை நிறுத்தினான், லேப்டாப்பை ஏற்றினான். கீபோர்டு மடியில் சரியாக உட்கார்ந்தது. மல்லிகைக்கு மேலே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேல்விழி நேராக நிமிர்ந்து உட்கார்ந்தபோது முருகம்மாள் ஈரச் சேலையோடு கதவோரம் நின்று பார்த்தாள். கழுத்து குனியவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு நிறைந்துவிட்டது.

மேனேஜர் லைனில் வந்தார். அவர் பேசியது வேல்விழியின் காதுக்கு மட்டும்தான் கேட்டது. உங்களுக்குச் சொல்கிறேன்.

"வேல்விழி? நீங்க எப்படி இந்த மீட்டிங்ல? காலையில பத்து மணிக்கு உங்க ராஜினாமா மெயில் வந்துச்சே! குடும்பச் சூழ்நிலைன்னு எழுதியிருந்தீங்க. நான் மேல அனுப்பி, உங்க இடத்துக்கு வேற ஆளும் சொல்லிட்டேன்."

கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேல்விழியின் முகம், பூசிய சந்தனத்துக்குக் கீழே, வெளிறிப்போனது.

"சார், அந்த மெயிலை நான் அனுப்பல."

இலை போட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"நான் வேலையை விடல சார். எழுத்துல வேணுமா? திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே எழுதுறேன். லைன்லயே இருங்க."

அவள் எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் வளையல் குலுங்கியது. ஒரு முறை படித்துப் பார்த்தாள், அனுப்பினாள். மேனேஜர் ஏதோ சொன்னார். "தேங்க்ஸ் சார். அப்ப இந்த மீட்டிங்குல நானே இருக்கேன். அமெரிக்காக்காரர் வந்ததும் பேசுறேன். ரெண்டு நிமிஷம்" என்றாள். மைக்கை அணைத்துவிட்டு, ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"என்ன மெயிலுத்தா? யாரு அனுப்புனா?" என்றாள் முருகம்மாள். கேட்டுக்கொண்டே சம்பந்தியை முறைத்தாள். இந்த வீட்டில் இதைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் பாண்டிலட்சுமியும் மருமகளையே கேட்டாள். "எனக்கு ஒண்ணும் புரியல. என்ன மெயிலு?"

"நான் வேலையை விட்டுட்டதா என் பேர்ல கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கு அத்தை. காலையில பத்து மணிக்கு. பத்து மணிக்கு நானும் நீங்களும் மாரியம்மன் கோயில்ல இருந்தோம்." வேல்விழி புருஷன் பக்கம் திரும்பினாள். "பாஸ்வேர்டு தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தான். சொல்லுங்க. ஏன் அனுப்புனீக?"

முனியராஜ் தாயைப் பார்த்தான். இதுவரை எதற்கும் அங்கேதான் பார்ப்பான். அங்கிருந்துதான் பதில் வரும்.

பாண்டிலட்சுமி அவனிடம் நடந்து போனாள். "என்னைய ஏன்லே பாக்க? வேலையை விடச் சொன்னேன். இப்பவும் சொல்லுதேன். நான் மூஞ்சிக்கு நேராச் சொன்னவ. திருட்டுத்தனம் பண்ணுன்னு உங்கிட்ட எப்பலே சொன்னேன்? அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லு."

"உங்களுக்குத் தெரியாதும்மா..." என்று ஆரம்பித்தான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, மில் சந்துக்குள் திரும்பிவிட்டான்.

சங்கிலிமுத்து பதறிப்போய் எழுந்தார். "முருகு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. இதையெல்லாம் நாளைக்குப் பெரியவுகளை வச்சுப் பேசிக்கிடலாம். வளையல் போட்ட பிள்ளை இன்னைக்கே தாய் வீடு போகணும்."

முருகம்மாள் மகளின் தோளைத் தொட்டாள். "வாத்தா."

வேல்விழி அசையவில்லை. "நான் இன்னைக்கு வரலம்மா. வேனை அனுப்பிரு. அவுக திரும்பி வந்து, இங்கன நின்னு, எனக்குப் பதில் சொல்லணும். அதுவரைக்கும் நான் இந்த வாசலைத் தாண்டமாட்டேன்."

திரையில் அமெரிக்காக்காரன் முகம் வந்துவிட்டது. வேல்விழி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.